நகையும் பகையும்

உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சி முகத்திலும் உடம்பிலும் புலப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் அழுகை உண்டு, அச்சம் உண்டு, பெருமிதமும் உண்டு. ஆயினும் அவர் முதற்கண் வைத்து எண்ணியது நகையையே. அந்நகை பிறக்கும் களங்கள் நான்கு என்றும் அவர் வரையறுத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. எள்ளலாவது இகழ்தல். இளமை சிறுபிள்ளைத் தன்மை. பேதைமை அறிவின்மை. மடன் என்பது சற்று நுட்பமானது. ஒருவர் சொல்லியதைப் பற்றிக்கொண்டு, ஆராய்ந்து பாராமல், பற்றியதை விடாதிருத்தலை மடன் என்பர். பேதை ஒன்றும் அறியாதவன். மடவோனோ ஒன்றைத் தவறாக அறிந்து, அதனையே உறுதியாகக் கொண்டிருப்பவன். இவ்வேறுபாட்டை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

எள்ளலுக்கு உரை கூற வந்த பேராசிரியர் அதனை இருவகைப்படுத்தினார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவழித் தானும் நகுதல் மற்றொன்று. முதலாவது எல்லார்க்கும் எளிது. இரண்டாவது அரிது. எனினும் உரையாசிரியர் இரண்டனையும் ஒருங்கே வைத்தார். நகை என்பது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எறியப்படும் கல் அன்று, இருபுறமும் கைமாறும் பந்து என்பது அவர் கருத்தாகலாம்.

தொல்காப்பியர் நான்கென்று சுருக்கிக் கூறியதைச் செயிற்றியம் என்னும் பழைய கூத்து நூல் விரித்துக் கூறிற்று. அந்நூல் இன்று முழுமையாகக் கிடைத்திலது. இளம்பூரணர் தம் உரையில் எடுத்துக் காட்டிய பகுதிகளே எஞ்சியுள்ளன. நகை எவரெவரிடத்துத் தோன்றும் என்று அந்நூலார் ஒரு நீண்ட பட்டியல் தருகின்றார். குழந்தையின் மழலை அதில் உண்டு. கல்லாதவன் பேசும் கல்வி உண்டு. வலியிலான் பேசும் வீரமும் உண்டு. இவை இன்றும் நகைக்கு உரியனவே. ஆனால் முடவர் நடையும், கூனரும், குறளரும், ஊமரும், செவிடரும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றனர். அவர்களோடு சேர்த்து, வடநாட்டார் பேசும் தமிழும் நகைக்கு இடமாக வைக்கப்பட்டுள்ளது!

நூலார் உலகில் நிகழ்வதை உள்ளவாறே எழுதினார். இவ்வாறு நகுக என்று விதித்தாரல்லர். இன்று முடவரையும் செவிடரையும் கண்டு நகுபவனைச் சான்றோர் மதியார். அப்பட்டியலில் பல பெயர்கள் காலப்போக்கில் அடிபட்டு மறைந்தன. அயல்மொழியாளன் பேச்சைக் கேட்டு நகும் வழக்கம் ஒன்று மட்டும் அன்று போலவே இன்றும் நிற்கின்றது. அது தமிழ்நாட்டில் மட்டும் அன்று, உலகெங்கும் நிற்கின்றது. அந்நகை எங்கே பிறக்கின்றது, எங்கே பகையாகத் திரிகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சவ்வாது மலையின் அடிவாரத்தில் ஆலங்காயம் என்னும் பேரூர் உள்ளது. முன்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. மேற்கே வாணியம்பாடி, அதனை அடுத்து ஆம்பூர். இரண்டும் தோல் தொழிலால் பெயர் பெற்ற நகரங்கள். ஆந்திர நாட்டின் எல்லையும் தொலைவில் இல்லை. ஆதலின் இப்பகுதியின் கடைத்தெருக்களில் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஒலிக்கும். மலையிலிருந்து இறங்கி வரும் மக்களின் தமிழோ தனி ஓசை உடையது. பல மொழியாளர் ஒரு தெருவில் வாழும் இடங்களில் ஒருவர் பேச்சை மற்றவர் நடித்துக் காட்டி நகுதல் நாள்தோறும் நிகழ்வதே.

உருது மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் பால் வேறுபாடு உண்டு. அம்மொழியில் ரொட்டி பெண்பால், தண்ணீர் ஆண்பால். ரொட்டிக்கும் தண்ணீருக்கும் ஆண் பெண் காணாத தமிழர், அம்மொழியைப் பேசப் புகுந்தால் பாலை மாற்றிவிடுவர். உருது பேசுவோர் நகைப்பர். உருது பேசுவோர் தமிழ் பேசும்போது ழகரம் அவர் நாவில் வழுக்கும். அப்போது தமிழர் முறை வரும். கணக்கு நேராகிவிடும். இன்னும் ஒன்று. இப்பகுதி முசுலிம்கள் பலர் பேசும் உருது, தக்கணி எனப்படும் தென்னாட்டு வழக்கு. 'வேண்டாம்' என்பதற்கு அதில் 'நக்கோ' என்பர். இலக்னோ, தில்லி நகரத்தார் இச்சொல்லைக் கேட்டால் புன்முறுவல் பூப்பர். தக்கணியைக் கொச்சை என்பர். ஆனால் வடநாட்டில் உருதுக் கவிதை தழைப்பதற்கு முன்னரே, பிசாப்பூரிலும் கோல்கொண்டாவிலும் தக்கணியில் காவியங்கள் எழுந்தன. 1700ஆம் ஆண்டளவில் தக்காணத்திலிருந்து தில்லி சென்ற வலி என்னும் புலவரின் பாடல்களைக் கேட்ட பின்னரே, அந்நகரத்துப் புலவர் பலர் பாரசீகத்தை விட்டு உருதுவில் பாடத் தலைப்பட்டனர். தமக்கு வழிகாட்டிய மொழியையே பின்னர்க் கொச்சை என நகைத்தனர்!

தெலுங்கர் தமிழை 'அரவம்' என்பர். தமிழில் அச்சொல்லுக்கு ஓசை என்று ஒரு பொருள் உண்டு. வடமொழி வழியாகப் பார்த்த சிலரோ, 'ஒலியற்றது' என்று நேர் எதிரான பொருளைக் கற்பித்தனர். வருக்க எழுத்துக்களின் உரப்பிய ஓசை தமிழில் இல்லாமையை எள்ளியது அது. அருவா நாட்டின் பெயரடியாக அச்சொல் பிறந்தது என்பார் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகின்றது. தமிழரும் இதற்குப் பின்வாங்கினாரல்லர். வேங்கடத்துக்கு அப்பால் வாழ்ந்த வடுகரைச் சங்கப் புலவர்கள், சினமிக்க நாய்களை உடையவர், கல்லாத மொழியினர் என்றே பாடி வைத்தனர்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. அயலவனைப் பற்றிய நகை முதலில் செவியிலேயே பிறக்கின்றது. அவன் பேசுவது விளங்கவில்லை. ஆகவே அவன் பேசவே அறியாதவன் என்று செவி முடிவு செய்துவிடுகின்றது. பழைய கிரேக்கர் தம் மொழி பேசாத யாவரையும் 'பார்பரோய்' என்றனர். 'பர பர' என்று உளறுபவர் என்பது கருத்து. போலந்து நாட்டார் தம் அண்டை நாட்டாராகிய செருமானியரை 'நியெம்த்சி' என்று அழைப்பர். 'ஊமை' என்னும் பொருளுடைய சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். கான்ட்டும் கெத்தேவும் பேசிய மொழியினர், அண்டை வீட்டார்க்கு ஊமைகள்! நகைக்கு முன் நம் முல்லைப்பாட்டைப் புரட்டிப் பார்த்தல் நலம். அரசன் பாசறையில் காவல் நின்ற மிலேச்சரை வருணிக்கும் நப்பூதனார், அவர்கள் நாவால் பேசாமல் உடம்பின் குறிப்பால் பேசுவதாகப் பாடுகின்றார். கரிகாலன் காலத்தை ஒட்டிய தமிழ்ச் செவியும் போலந்தின் செவியும் இதில் ஒன்றே.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோலும் தைத்த காலணியும் செருமனி, இத்தாலி, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன. வாங்குவோர் அனைவரும் இங்குள்ள தொழிலாளர் கண்ணுக்கு 'வெள்ளைக்காரர்' என்ற ஒரே இனத்தார். அவர்களோ தம்முள் ஒருவரை ஒருவர் அவ்வாறு கருதுவதில்லை. ஒருவரையொருவர் எள்ளுவதில் ஐரோப்பியர் நீண்ட பழக்கம் உடையவர்.

விருந்தில் இருப்பவன், விருந்தளித்தவரிடம் விடைபெறாமல் நழுவிச் செல்வது பண்பற்ற செயல். ஆங்கிலேயர் அதனைப் 'பிரஞ்சு விடைபெறல்' என்பர். பிரஞ்சுக்காரரோ அதே செயலை 'ஆங்கில முறையில் நழுவுதல்' என்பர். போலந்தியரும் 'ஆங்கில முறையில் வெளியேறுதல்' என்றே சொல்வர். செருமானியர் சிலர் பேச்சு வழக்கில் அதற்குப் 'போலந்து வெளியேற்றம்' என்று பெயரிட்டனர். நழுவும் குற்றம் ஐரோப்பா முழுவதும் சுற்றி வருகின்றது. தன் வீட்டில் அதற்கு இடம் கொடுப்பார் ஒருவரும் இல்லை. குடித்ததனால் வரும் போலித் துணிவை ஆங்கிலேயர் 'டச்சுத் துணிவு' என்றனர். 1652 முதல் 1674 வரை அவ்விரு நாட்டாரும் கடல் வாணிகத்தின் பொருட்டு மூன்று போர்கள் புரிந்தனர். இத்தகைய ஏச்சுத் தொடர்களின் வேர் அப்பகையில் உள்ளது.

இதனினும் கடுமையானது ஒரு நோயின் பெயர் வரலாறு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரஞ்சுப் படை இத்தாலியின் நேப்பிள்சு நகரை முற்றுகையிட்ட காலத்தை ஒட்டி, மேகப்புண் என்னும் கொடிய தொற்றுநோய் ஐரோப்பாவில் பரவிற்று. இத்தாலியர் அதனைப் பிரஞ்சு நோய் என்றனர். பிரஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். போலந்தியர் அதனைச் செருமானிய நோய் என்றனர். உருசியரோ போலந்து நோய் என்றனர். துருக்கியர் கிறித்தவர் நோய் என்று ஒரேயடியாக முடித்துவிட்டனர். கப்பலேறி அந்நோய் இந்நாட்டுக்கும் வந்தது. தமிழர் அதற்கு இட்ட பெயர் 'பறங்கிப்புண்'. அதற்கு மருந்தாகிய வேரோ 'பறங்கிப்பட்டை' ஆயிற்று. பிராங்கர் என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபியர் வாயிலும் பாரசீகர் வாயிலும் திரிந்து, இங்கே பறங்கி ஆகிப் போர்ச்சுகீசியரைக் குறித்தது. ஒரே சொல் ஒரு காய்க்கும், ஓர் ஊருக்கும், ஒரு மலைக்கும், ஒரு புண்ணுக்கும் பெயராக நிற்கின்றது. காயை உண்டவர் புண்ணை மறந்தனர்.

இத்தகைய எள்ளல்கள் யாவும் வெறும் சொல்லளவில் நின்றிருந்தால் தீங்கு இல்லை. போலந்தின் வரலாறு வேறு பாடம் கற்பிக்கின்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானியரிடையே 'போலந்து நிருவாகம்' என்றொரு தொடர் வழங்கத் தொடங்கிற்று. ஒழுங்கற்ற வீடு, குப்பை நிறைந்த முற்றம், கணக்கில்லாத செலவு இவையெல்லாம் அத்தொடரில் அடங்கும். அதே காலத்தில் பிரசியா, ஆசுதிரியா, உருசியா என்னும் மூன்று பேரரசுகள் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டை மும்முறை பங்கிட்டுக்கொண்டன. நாட்டின் பெயரே உலகப் படத்திலிருந்து மறைந்தது. 1918ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் எழுந்தது. 123 ஆண்டுக் காலம் பிறர் நாட்டை ஆண்டவர்க்கு அந்த நகைத்தொடர் மிகவும் பயன்பட்டது. 'தம்மைத் தாமே ஆளத் தெரியாதவர். நாம் ஆள்வது அவர் நன்மைக்கே' என்று கூற அத்தொடர் ஒன்றே போதுமானதாயிற்று. இந்தியரைப் பற்றி ஆங்கிலேயரும் இவ்வாறே கூறியது நினைவுக்கு வரும்.

போலந்தியரும் வாளா இருந்தாரல்லர். பொருளற்ற வெற்றுப் பேச்சுக்கு அவர்கள் 'ஆசுதிரியப் பேச்சு' என்று பெயர் வைத்தனர். ஆண்டவரை நோக்கி ஆளப்பட்டவர் நகைத்த நகை அது. இரண்டும் எள்ளலே, ஆயினும் ஒன்று மேலிருந்து கீழே விழுவது, மற்றொன்று கீழிருந்து மேலே எறியப்படுவது. இரண்டும் ஒரே எடையுடன் விழுவதில்லை. 'போலந்தியன் போலக் குடித்தவன்' என்னும் பிரஞ்சுப் பழமொழி பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. 1808ஆம் ஆண்டில் இசுபானிய நாட்டின் சோமோசியெர்ரா கணவாயில், பீரங்கிகளின் வாய்க்கு நேரே போலந்துக் குதிரைவீரர் ஏறிச் சென்று வென்றனர். குடிமயக்கத்தால் சென்றனர் என்று பிரஞ்சுத் தலைவர் சிலர் குறை கூற, 'அவ்வாறாயின் நீங்களும் போலந்தியரைப் போலக் குடித்துப் பழகுங்கள்' என்று நெப்போலியன் சொன்னானாம். கதை மெய்யோ பொய்யோ, ஏச்சையும் புகழாகத் திருப்பிவிடலாம் என்பதற்கு அது சான்று.

பேதைமையைத் தம் ஊரில் வைக்காமல் அடுத்த ஊரில் வைப்பது மக்கள் இயல்பு. ஆங்கிலேயர் தம் நாட்டுப் பேதையரை எல்லாம் நாட்டிங்காம் பகுதியிலுள்ள கோத்தம் என்னும் சிற்றூரில் குடிவைத்தனர். செருமானியர் சில்டா என்றோர் ஊரைக் கற்பித்தனர். அவ்வூரார் கதைகள் 1598ஆம் ஆண்டிலேயே அச்சாயின. போலந்தில் வாழ்ந்த யூதர்கள் கெல்ம் என்னும் ஊரைத் தம் பேதையர்க்கு உரியதாக்கினர். கோத்தம் ஊரார் கதை ஒன்று: மீன் பிடிக்கச் சென்ற பன்னிருவர், திரும்புமுன் தம்மை எண்ணிப் பார்க்கின்றனர். ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதனால் பதினொருவரே தேறுகின்றனர். ஒருவன் நீரில் மாண்டான் என்று எல்லாரும் புலம்புகின்றனர்.

இக்கதை தமிழ் மாணவர் எவரும் அறிந்ததே. பரமார்த்த குருவும் சீடரும் ஆற்றைக் கடந்த கதை இதுவன்றோ? அதனைத் தமிழில் எழுதியவர் இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டில் பிறந்த வீரமாமுனிவர். சீடர் ஐவர்க்கும் அவர் இட்ட பெயர்களைக் கருத்துடன் நோக்குதல் வேண்டும். மட்டி, மடையன், பேதை, மூடன் என்பன நால்வர் பெயர்கள். ஐந்தாமவன் பெயர் மிலேச்சன். மிலேச்சன் என்பது அயல்நாட்டானை இகழ்ந்து வழங்கிய சொல். அந்நாளில் தெருவிற் சென்ற வெள்ளைக்காரத் துறவி, தம் முதுகுக்குப் பின்னால் அச்சொல்லைக் கேளாதிருந்திருக்க முடியாது. தம்மை எள்ளிய சொல்லை எடுத்துத் தாம் படைத்த மூடருள் ஒருவனுக்குச் சூட்டி, தமிழருடன் சேர்ந்து தாமும் நகைத்தார். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளலுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது. 1822ஆம் ஆண்டில் பாபிங்டன் என்பார் இந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார். கோத்தத்தின் கதை தமிழுடையில் இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்றது.

வேதாந்த நூலாரும் இக்கதையை ஆள்வர் என்பது வியப்புக்குரியது. ஆற்றைக் கடந்த பத்துப்பேர் ஒன்பதின்மரையே எண்ணி அழ, வழிப்போக்கன் ஒருவன், 'பத்தாமவன் நீயே' என்று சுட்டிக் காட்டுவான். ஆங்கிலேயர்க்கு நகைக்கதையானது, வேதாந்திகட்கு ஞானக்கதை ஆயிற்று. பிற இனத்தாருடைய குற்றங்களை வரிசையாக எண்ணுபவரும் தம்மை எண்ணுவதில்லை. விடை எப்போதும் ஒன்று குறைகின்றது.

கெல்ம் ஊரைப் பற்றி மேலும் ஒன்று கூறாமல் விடுதல் கூடாது. அங்கு வாழ்ந்த யூதர், தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொண்ட நகைக்கதைகளால் உலகப் புகழ் பெற்றனர். அதே யூதரைப் பற்றி அண்டை நாட்டில் வேறொருவகை நகை வளர்ந்தது. செருமனியில் 1923 முதல் 1945 வரை வெளிவந்த 'டெர் இசுடுர்மர்' என்னும் இதழ், வளைந்த மூக்கும் பணப்பையும் உடைய கேலிப் படங்களால் யூதரை வாரந்தோறும் இழிவுபடுத்தியது. சிறுவர்கள் தெருவோரத்தில் நின்று அப்படங்களைப் பார்த்துச் சிரித்தனர். இரண்டாம் உலகப் போரில் கெல்ம் ஊர் யூதர் ஏறக்குறைய முற்றும் அழிக்கப்பட்டனர். போர் முடிந்தபின், அவ்விதழின் ஆசிரியராகிய சுத்ரைக்கர் நியூரம்பெர்க்கு வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டு, 1946ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். அவர் துப்பாக்கி ஏந்தியவரல்லர். படமும் எழுத்துமே அவர் கருவிகள்.

நம் நாட்டில் நிகழ்ந்தது அத்துணைக் கொடியது அன்று. ஆயினும் வழி ஒன்றே. ஆலங்காயத்துக்கு மேலே உள்ள சவ்வாது மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். மலையை ஆள்பவர் என்பது பொருள். கேரள நாட்டாரைக் குறிக்கும் பெயரும் அதுவே ஆதலின், அயலூரார் கேட்டு மயங்குவர். சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் மலையிலிருந்து இறங்கும். கடுக்காய் தோல் பதனிடப் பயன்படுவது. மலைவாழ் மக்கள் கணக்கறியாதவர், ஏமாளிகள் என்னும் கதைகள் மலையடிவார ஊர்கள் எல்லாவற்றிலும் வழங்கும். அக்கதைகளை மிகவும் சுவைபடக் கூறுபவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் தராசைக் கையிற் பிடித்தவராகவே இருப்பர். பேதை என்று பெயர் வைத்துவிட்டால் எடை குறைவது குற்றமாகத் தோன்றாது. போலந்தைப் பங்கிட்ட பேரரசர்க்கும் சிறிய தராசுக்காரனுக்கும் அளவில்தான் வேறுபாடு.

தோல் தொழிலாளரைப் பற்றிய எள்ளலும் இத்தகையதே. இவ்வூர்களின் வழியாக இருப்பூர்தியில் செல்வோர் சிலர், மூக்கைப் பொத்திக்கொண்டு நகைமொழி பேசுவர். பொத்துபவர் காலில் பளபளக்கும் காலணி அவ்வூர்க் கைகள் தைத்ததாகவே இருக்கலாம்.

தமிழரே எள்ளப்பட்ட கதையும் உண்டு. மராட்டிய மாநிலம் அமைந்த 1960ஆம் ஆண்டில், கேலிச் சித்திரம் வரைவதில் வல்லவராகிய பால் தாக்கரே மும்பையில் 'மார்மிக்' என்னும் நகைச்சுவை வார இதழைத் தொடங்கினார். தென்னாட்டார் பேச்சு மராட்டியர் செவிக்கு விளங்கவில்லை. அதனை அவ்விதழ் 'யண்டு குண்டு' என்று நடித்துக் காட்டிற்று. இங்கும் செவியே தொடக்கம் என்பதைக் காண்க. பின்னர் அலுவலகங்களில் பணிபுரியும் தென்னாட்டார் பெயர்கள் அவ்விதழில் பட்டியலாக வெளிவந்தன. 1966ஆம் ஆண்டில் சிவசேனை தோன்றிற்று. 'லுங்கியை விரட்டு' என்னும் முழக்கம் தெருக்களில் எழுந்தது. உடுப்பி உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அவ்விடுதிகளை நடத்தியவர் துளுவும் கன்னடமும் பேசுவோர். அவர்களும் 'மதராசி' என்னும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டனர். அதே காலத்தில், 1968ஆம் ஆண்டில், 'படோசன்' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. குடுமியும் வேட்டியுமாகத் தோன்றும் தென்னாட்டு இசையாசிரியராக மெகமூத் நடித்தார். தமிழர் பலரும் அப்படத்தைக் கண்டு மனமாரச் சிரித்தனர். படத்திற் கண்ட நகையும் தெருவிற் கேட்ட முழக்கமும் ஒரே குடுமியையும் வேட்டியையும் பற்றியனவே. திரையரங்கில் இருந்தவர் எதிரே நின்றது நடிகன். விடுதி வாயிலில் நின்றவர் எதிரே நின்றது கல்லேந்திய கை.

தமிழ்த் திரைப்படங்களும் இவ்வகையில் தூயன என்று கூறுதற்கில்லை. வட்டிக்குக் கொடுக்கும் சேட்டும், தேநீர்க் கடை நாயரும், இரவில் காவல் நிற்கும் கூர்க்காவும் பல படங்களில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வந்தனர். அவரவர் தமிழைச் சிதைத்துப் பேசியதே நகைச்சுவை எனப்பட்டது. செயிற்றியத்தின் ஒரு வரியை விட்டு நம்மவர் அதிகம் நகரவில்லை. சீக்கியரைப் பற்றிய நகைத்துணுக்குகளைத் தடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றத்தை நாடியவர்க்கு, மக்கள் ஒழுக்கத்திற்கு நீதிமன்றம் நெறி வகுத்தல் இயலாது என்று 2017ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அது முறையான விடையே. இன்னாரைப் பார்த்துச் சிரிக்காதே என்று சட்டம் இயற்றுவார் சிரிப்புக்கே இடமாவர்.

இன்று தமிழ்நாட்டின் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒரிசா, வங்காளம் முதலிய நாட்டுத் தொழிலாளர் பலர் உள்ளனர். 'வடக்கன்' என்னும் பொதுப்பெயர் அவர்கட்கு வழங்கப்படுகின்றது. மும்பையில் 'மதராசி' என்ற பெயர் ஆற்றிய தொழிலை இங்கே இப்பெயர் ஆற்றுகின்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்ப் படங்கள் பரவின. வேறிடத்தில் வேறு காரணத்தால் நிகழ்ந்த சண்டைகளின் காட்சிகள் அவை. தொழிலாளர் அஞ்சினர், சிலர் ஊர் திரும்ப நிலையத்தை நோக்கி விரைந்தனர். பீகார் அரசு அலுவலர் குழுவை அனுப்பி ஆராய்ந்தது. தமிழகக் காவல் துறை பொய் பரப்பியோர் மீது வழக்குப் பதிந்தது. பீகாரில் அப்பொய்யை நம்பியவரிடத்தும், 'வடக்கன் இப்படித்தான்' என்று இங்கே தேநீர்க் கடையில் உறுதி கூறுபவனிடத்தும் உள்ளது தொல்காப்பியர் கூறிய நான்காம் களமே. பேதை என்று பிறனை நகும் அவன் மடவோனாக நிற்கின்றான்; நகைக்கு உரியவன் இருவருள் எவன் என்பதை இலக்கணமே கூறிவிட்டது.

நகுமாறு பேசி நட்பை வளர்க்கத் தெரியாதவரே, உறவினரையும் பிரியுமாறு பேசிப் பிரிப்பர் என்று வள்ளுவர் புறங்கூறாமையில் குறிப்பிட்டார். நகைமொழியை அவர் விலக்கினாரல்லர். நட்புக்கு அதனை ஒரு கருவியாகவே வைத்தார். ஆலங்காயத்துக் கடைத்தெருவில் ழகரத்துக்கும் ரொட்டியின் பாலுக்கும் ஈடு செய்துகொள்வோர் அக்கருவியைக் கையாளத் தெரிந்தவர்கள். அங்கே எள்ளப்பட்டவனுக்கும் வாய் உண்டு. அவன் மொழியை எள்ளியவனும் அரைகுறையாகவேனும் பேசுகின்றான்.

வடநாட்டார் பேசும் தமிழை நகைக்குரியதாகச் செயிற்றியம் குறித்தது. அதற்கு வேறொரு வழியில் விடை கூறியவர் கபிலர். ஆரிய அரசன் பிரகத்தன் என்பவன் தமிழின் இயல்பை அறிய விரும்பினான். அவன் நாவில் தமிழ் எவ்வாறு ஒலித்ததோ, கபிலர் அதனைப் பாட்டில் நடித்துக் காட்டவில்லை. அவனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுக் குறிஞ்சிப்பாட்டு என்னும் 261 அடிப் பாடலை இயற்றினார். தோழி செவிலிக்குக் கூறும் கூற்றாக அகப்பொருள் ஒழுக்கத்தை அதில் விளக்கி, தமிழ் நிலத்துப் பூக்கள் 99இன் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார். குறுந்தொகையில் 184ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் ஆரிய அரசன் யாழ்ப் பிரமதத்தன் என்று ஏட்டில் காணப்படுகின்றது. கபிலரிடம் தமிழ் கற்ற மன்னனே அவன் என்று கருதுவாரும் உளர். நெய்தல் நிலத்துப் பெண்ணொருத்தியைக் கண்டு மனம் நெகிழ்ந்த தலைவன் தன் பாங்கனிடம் பேசும் பாட்டு அது. தமிழ்ப் புலவர் நானூறு பாடல்களைத் தொகுத்தபோது அதனையும் உடன் சேர்த்துக்கொண்டனர்.